பாடி வந்துவிட்டது

"நான் சின்னவன். வயசு இருபத்து மூணு. இப்ப லாண்டரிக்குப் பின்னாடி இருக்கிற இரும்புப் படிக்கட்டுல நிக்கிறேன்."

வீட்டுக்கு அனுப்பும் எந்தச் செய்தியையும் அவன் இப்படித்தான் ஆரம்பிப்பான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒவ்வொரு அலுவலக ஜன்னலிலும் பேர் என்ன, வயது என்ன, எங்கே இருக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு, வாயைத் திறந்தாலே அதுதான் முதலில் வந்து விழுந்தது. அம்மாவின் தம்பிக்கு, அதாவது மாமாவுக்கு, இது ஒரு தீராத வேடிக்கை. வீட்டுக்கு மெசேஜ் அனுப்புகிறானா, போலீஸில் சரண்டர் ஆகிறானா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார்.

சின்னவன் வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணிகளை வெளுக்கும் லாண்டரியில். ப்ளீச்சிங் தண்ணீரில் கைவிட்டுக் கைவிட்டு விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தன. போனின் திரை அவன் விரலை விரலாகவே மதிப்பதில்லை. அதனால் அவன் வாயால் சொல்வான், போன் அதை எழுத்தாக்கும். பேசினதை அப்படியே அனுப்பிவிடலாம்தான். ஆனால் அப்பா வாழ்நாளெல்லாம் லேத் பட்டறையில் நின்றவர், காது மந்தம். அவருக்கு எழுத்தில் வந்தால்தான் செய்தி.

வீட்டுப் போன் ஃப்ரிட்ஜ் தலையில் கிடக்கும். யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் எடுத்து, அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகப் படிப்பார்கள். அண்ணியின் போன் வாளித் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டதிலிருந்து அண்ணன் தன் போனோடு வேலைக்குப் போனபின் வீட்டில் இந்த ஒன்றுதான் எல்லோருக்கும். அதில் ரகசியம் சொல்வதும் தெருமுனையில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்று.

அவனுக்கோ இப்போது சொல்ல வேண்டியிருந்தது ரகசியமான விஷயம்.

அம்மா ஒன்றாம் வகுப்பு டீச்சர். போன வருடம் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். சின்னவனால் ஊருக்குப் போக முடியவில்லை. புண் ஆறியதும் அம்மா பள்ளிக்கூடம் கிளம்பினாள். வெற்றாக இருந்த பக்கத்தில் கைக்குட்டைகளைச் சுருட்டி, பழைய பாடிக்குள் செருகிக்கொண்டாள். அவர்கள் வீட்டில் அதற்குப் பாடி என்றுதான் பெயர். கடைப் பலகையில் ப்ரா என்று எழுதியிருந்தாலும் அம்மா வாயில் வேறு சொல் வந்ததில்லை.

போர்டில் எழுதக் கையை உயர்த்தியபோது அந்தச் சுருள் நகர்ந்து, மெல்ல மெல்லக் கழுத்தெலும்பு வரை ஏறிவிட்டது. அம்மாவுக்குத் தெரியவில்லை. முதல் வரிசையில் இருந்த ஒரு குட்டிப் பெண்தான் சொன்னாள். "டீச்சர், உங்க நெஞ்சு மேல ஏறிப் போச்சு." கேலியாக இல்லை, ஷூ கயிறு அவிழ்ந்திருக்கிறது என்பதுபோலச் சாதாரணமாக. மத்தியான மணி அடித்ததும் அம்மா வீட்டுக்கு வந்தவள்தான். அப்புறம் வாசல்படி தாண்டவில்லை.

இதை அண்ணி ஒருநாள் அண்ணனின் போனிலிருந்து கூப்பிட்டு, அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். அம்மா கூன் போட்டு நடக்கிறாள், தோளை முன்னால் குறுக்கிக்கொண்டு, குளிரில் ஒடுங்குகிறவள் மாதிரி. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது வரவில்லையென்றால் வகுப்பை வேறு டீச்சருக்குக் கொடுத்துவிட்டு, அவளைப் புத்தகக் கிடங்குக்கு மாற்றிவிடுவதாக ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா சொன்ன ஒரே பதில், "போட்டுக்கட்டும்."

அந்த ஒரு சொல்லைத்தான் சின்னவனால் நம்ப முடியவில்லை. காய்ச்சலோடு வகுப்புக்குப் போய்விட்டு வந்து படுத்தவள் அவள். தன் வகுப்புப் பிள்ளைகளை இன்னொருத்தர் அதட்டினாலே மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

லாண்டரி வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு கடை. அதன் கண்ணாடிக்குப் பின்னால், தலையில்லாத பொம்மை ஒன்று வெளிர் பழுப்பு நிறத்தில் பாடி அணிந்து நிற்கும். ஆபரேஷன் ஆனவர்களுக்கானது. உள்ளே பை வைத்துத் தைத்தது. அந்தப் பையில் வைக்க, தொட்டால் தசை மாதிரியே இருக்கும் ஒரு பேடும் உண்டு. கையைத் தூக்கினாலும் நகராது. அவன் பல நாள் அந்தக் கண்ணாடியைப் பார்த்தும் பார்க்காததுபோலக் கடந்திருக்கிறான்.

தனியாக உள்ளே போகத் தைரியம் வரவில்லை. லாண்டரியில் கிழிந்த துணிகளைத் தைக்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். தமிழ்க்காரி. எல்லோருக்கும் ஊசி அக்கா. ஊசி கையில் இருப்பதாலா, நாக்கில் இருப்பதாலா என்று யாரும் கேட்டதில்லை. அவளிடம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. அவள் தையலை நிறுத்தாமலே கேட்டாள்.

"உங்கம்மாவுக்குத்தானேடா வாங்கற? ஏன் ஏதோ திருடப் போறவன் மாதிரி முழிக்கற?"

கடைக்கார அம்மாள் கேட்டது இரண்டே அளவு. மார்புக்குக் கீழே சுற்றளவு ஒன்று, மார்பின் மேல் சுற்றளவு ஒன்று. ஒரு பக்கம் இல்லாதவர்களுக்கு, முதுகுத்தண்டிலிருந்து நடு நெஞ்சு வரை, மார்பு உள்ள பக்கத்தை மட்டும் அளந்து இரட்டிப்பாக்க வேண்டுமாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஏ, பி, சி, டி என்று கப். ஊசி அக்கா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, சின்னவன் ஸ்கூல் பையன் மாதிரி தலையாட்டினான். அன்று மத்தியானமே படிக்கட்டில் நின்று, அண்ணி படிப்பாள் என்ற நம்பிக்கையில், போனிடம் ரகசியக் குரலில் சொன்னான். அம்மாவுக்குக் கப் ஏ-யா, பி-யா, சி-யா, டி-யா? அவ்வளவுதான் கேட்டது.

போன் எழுதியது: அம்மாவுக்கு கப் ஏய்யா பீயா சீயா டீயா.

படித்தது அப்பா. அவருடைய பதில்கள் எப்போதும் தந்தி மாதிரி, ஒற்றை விரலால் தட்டி, முற்றுப்புள்ளி வைத்து வரும். "செய்தி புரியவில்லை. கெட்ட வார்த்தை வேண்டாம். அம்மா டீ குடிப்பதை நிறுத்திவிட்டாள். டாக்டர் சொல்லவில்லை. அவளாகவே."

ஊசி அக்கா அதைப் படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சின்னவனும் சிரிக்கப் பார்த்தான். ஆனால் கடைசி வரியில் வந்து சிரிப்பு நின்றுவிட்டது. காலையில் எழுந்ததும் டீ இல்லாவிட்டால் வீட்டையே தலைகீழாக்குகிறவள் அம்மா.

அன்று இரவு அவன் அண்ணனின் போனுக்குக் கூப்பிட்டு விளக்கியதும், அண்ணிதான் வழி கண்டுபிடித்தாள். அம்மாவால் இடது கையை முழுதாகத் தூக்க முடியாததால், குளித்தபின் முதுகு துடைத்துவிடுவது அவள்தான். துடைக்கிற சாக்கில் தலைக்குக் கட்டும் ரிப்பனைச் சுற்றிப் பார்த்து, நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்தாள். அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாளாம். தெரிந்துதான் நின்றாள் என்று அண்ணிக்குத் தோன்றியது. அப்புறம் அம்மாவின் போர்டு ஸ்கேலை எடுத்து ரிப்பனை அளந்து, கீழ்ச்சுற்று முப்பத்தொன்று, இரட்டித்த மேல்சுற்று முப்பத்தெட்டு என்று சொன்னாள்.

"பழைய பாடியில முப்பத்தாறுன்னு இருந்துச்சே அண்ணி?"

"ஆமா தம்பி, முப்பத்தாறு பி-ன்னு நானும் பாத்தேன். ரிப்பன் முப்பத்தொண்ணுதான் சொல்லுது. அத்தை இவ்வளவு இளைச்சுப் போயிட்டாங்களான்னு எனக்கும் பகீர்னு ஆயிடுச்சு."

சின்னவனுக்கு அன்று முழுக்கக் கை ஓடவில்லை. ஐந்து அங்குலம் கரைந்துபோன அம்மா கண் முன்னால் நின்றாள். மறுநாள் கடையில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அம்மா அப்படியொன்றும் கரைந்துவிடவில்லை. முப்பத்தாறு என்பது உடம்பில் எந்த இடத்தின் அளவும் இல்லை. முப்பத்தொன்றோடு ஐந்தைக் கூட்டிச் சொல்லும் ஒரு பழைய வழக்கம். ஏன் ஐந்து என்று கேட்டதற்குக் கடைக்கார அம்மாள் தோளைக் குலுக்கினாள். இந்த ஊர்க் கணக்கு வேறு, சென்டிமீட்டர். கீழ்ச்சுற்று எழுபத்தொன்பது, அதனால் எண்பது. கப்பும் இந்த ஊர்க் கணக்கில் பி இல்லை, டி.

அவள் பேடோடு சேர்த்து எடுத்து வைத்த பாடியின் அட்டையில், நாலு நாட்டுக்காரர்களுக்காக நாலு எண் அச்சடித்திருந்தது. 95, 80, 36, 4. மேலே பெரிதாக 95. எல்லாம் ஒரே பாடி, ஒரே ஆளுக்கு.

அட்டையைக் கத்தரித்துவிட்டு அனுப்பு, வீணாகக் குழப்பம் வேண்டாம் என்றாள் ஊசி அக்கா. கத்தரித்தால் மாற்றித் தரமாட்டோம் என்றாள் கடைக்காரம்மாள். சரியாக இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் சின்னவன் அட்டையை விட்டுவைத்தான். வீட்டுக்குச் செய்தியில், அம்மாவுக்குப் பாடி அனுப்பியிருக்கிறேன், அடுத்த மாதம்தான் வந்து சேரும் என்று மட்டும் சொன்னான். பள்ளி திறப்பதற்குள் வந்துவிடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

அதற்குள் அம்மாவுக்குக் காய்ச்சல். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்கி, உடம்பு நெருப்பாகச் சுடுகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று அப்பாவின் தந்தி வந்தது. மறுநாள் ஒன்றும் வரவில்லை. அவன் அனுப்பியதற்கும் பதில் இல்லை. அதற்கு அடுத்த நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து பார்த்தபோது, வீட்டிலிருந்து கூப்பிட்டு அவன் எடுக்காமல்போன அழைப்பு ஒன்று. அதன் கீழே அப்பாவின் செய்தி.

"பாடி வந்துவிட்டது. அண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்கினான். பெட்டி நடு ஹாலில் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. மாமாவுக்குச் சொல்லிவிட்டோம். வந்துகொண்டிருக்கிறார்."

படிக்கட்டின் இரும்புக் கம்பி அவன் கையில் இருந்தது. அது சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா என்று பிறகு அவனுக்கு நினைவில்லை. பெட்டி நடு ஹாலில் இருக்கிறது. அந்த ஹால் சின்னது. சோபாவை நகர்த்தியிருப்பார்கள். அப்பா எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்? ஊசி அக்கா சாப்பாட்டு டப்பாவோடு வந்தவள், அவன் முகத்தைப் பார்த்து, போனை வாங்கிப் படித்தாள். டப்பாவைப் படியில் வைத்துவிட்டு அவன் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள். அவளுடைய அப்பாவின் சாவுச் செய்தியும் இப்படி ஒரு மத்தியானம்தான் போனில் வந்து சேர்ந்தது என்று முன்பு ஒருமுறை சொல்லியிருந்தாள்.

அவன் வீட்டுக்குக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டான். எடுக்கவில்லை. சாவு வீட்டில் யார் போனை எடுப்பார்கள். கடைசியில் போனை வாயருகே வைத்துக்கொண்டான். பேர், வயசு, இடம் எதுவும் வாயில் வரவில்லை. வெளியே வந்தது மூன்றே சொல்.

"அம்மா எப்ப போனாங்க?"

போன் அதைப் பிழையில்லாமல் எழுதியது. அனுப்பினான்.

பதில் வரப் பிடித்த நேரத்தில், உள்ளே ஒரு மெஷின் சுற்றி முடித்து மணி அடித்தது. யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பிறகு போன் அதிர்ந்தது. அண்ணி.

"எங்க போனாங்க? எங்கயும் போகல தம்பி. பள்ளிக்கூடம் போங்க போங்கன்னு எல்லாரும் கெஞ்சிட்டுத்தானே இருக்கோம். நேத்தே ஆஸ்பத்திரில இருந்து வந்துட்டாங்க, ஜுரம் இல்ல. நீங்க அனுப்பின பாடியப் பாத்துட்டு உள் ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க."

அவன் மூன்று தடவை படித்தான். ஊசி அக்கா அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் படித்துவிட்டு, முதலில் அவன் முதுகில் ஒன்று வைத்தாள், அப்புறம் முந்தாமல் பிந்தாமல் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாடியா, அந்தப் பாடியா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சின்னவன் போனைத் திருப்பி வாங்கி நாலாவது தடவை படித்தான். அம்மா இருக்கிறாள். இருக்கிறாள் என்ற நிம்மதி நெஞ்சில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, கதவைச் சாத்திக்கொண்டு என்ற சொல் வந்து குறுக்கே நின்றது.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அண்ணி கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பார்சல் வந்ததை அப்பா சந்தோஷத்தில் பக்கத்து வீடு வரை சொல்லியிருக்கிறார், மகன் வெளிநாட்டிலிருந்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான் என்று. மாமா வந்ததும் ஹாலில் எல்லோரும் சுற்றி நிற்க, அவரே கத்தி எடுத்துப் பெட்டியைக் கிழித்திருக்கிறார். முதலில் அட்டைதான் கண்ணில் பட்டிருக்கிறது.

"தொண்ணூத்தஞ்சா? ஏன்க்கா, உன் புள்ள இத உனக்கு அனுப்பினானா, யானைக்கு அனுப்பினானா?"

சிரிப்பு. பக்கத்து வீட்டு அம்மாவும் சிரித்தாள். அப்பா காது கேட்காமலே, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று தானும் சிரித்தார். அடுத்து பேட் கையில் கிடைத்தது. அது என்னவென்று மாமாவுக்கு விளங்கவில்லை. இது என்ன தண்ணிப் பையா என்று அமுக்கிப் பார்த்தார், இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி எடை பார்த்தார். அப்போதுதான் அம்மா எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மாமாவுக்கு அப்புறம்தான் உறைத்தது. சாப்பிடாமல், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாராம்.

"பாடி?"

"பெட்டியிலயே கிடக்கு தம்பி. பீரோ மேல தூக்கி வெச்சுட்டேன். எனக்கு வேணாம், அவன திருப்பி எடுத்துக்கச் சொல்லுன்னு கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்றாங்க. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது."

"அந்தப் பேட்?"

அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "அது அவங்ககிட்டதான் இருக்கு. இன்னும் குடுக்கல."

மறுநாள் காலை, மெஷின்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்னால், அவன் படிக்கட்டுக்கு வந்தான். அவனுடைய வேலைச் சட்டையில், நெஞ்சுப் பக்கம் 72 என்று தைத்திருந்தது. ஊசி அக்காதான் தைத்தாள். உள்ளே எழுபத்திரண்டு என்று கூப்பிட்டால்தான் அவன் திரும்பிப் பார்ப்பான். போனை வாயருகே வைத்து, ஒவ்வொரு சொல்லாக, எழுத்துக்கூட்டிச் சொல்கிறவன் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அந்த ஒரு சொல்லை மட்டும் ஒரு இடத்திலும் சொல்லாமல் பார்த்துக்கொண்டான்.

"நான் சின்னவன். வயசு இருபத்து மூணு. லாண்டரிக்குப் பின்னாடி படிக்கட்டுல நிக்கிறேன். அம்மா, தொண்ணூத்தஞ்சுங்கறது உன் அளவு இல்ல. அது வேற ஏதோ ஒரு நாட்டுல அதுக்கு வெச்சிருக்கிற பேரு. அதே அட்டையில கீழ பாரு, முப்பத்தாறுன்னும் இருக்கும். அதுதான் நீ எப்பவும் வாங்கறது. வீட்டுல நான் சின்னவன், இங்க எனக்கு எழுபத்திரெண்டுன்னு பேரு. அதுக்காக நான் எழுபத்திரெண்டு ஆள் ஆயிடல. நேத்து மத்தியானம் கொஞ்ச நேரம் நீ இல்லன்னு நினைச்சுட்டேன். அத அப்புறம் சொல்றேன். அட்டைய நான் கத்தரிச்சிருக்கணும். பத்தலன்னா மாத்தித் தர்றேன்னு கடையில சொன்னாங்க, அதனாலதான் விட்டேன்.

இதப் படிக்கிறது அப்பாவா இருந்தா, சத்தமா படிக்காதீங்கப்பா, போன அண்ணிகிட்ட குடுங்க. அண்ணியா இருந்தா, அட்டையக் கத்தரிச்சு எடுத்துட்டு, பெட்டிய அம்மா ரூம்ல வெச்சிட்டு, கதவ சாத்திட்டு வெளிய வந்துடுங்க. யாரும் ஒண்ணும் கேக்காதீங்க. அம்மாவா இருந்தா, ஒரே ஒரு தடவ போட்டுப் பாரும்மா. போட்டுட்டுக் கைய மேல தூக்கிப் பாரு."